பழைய மடிக்கணினியும் புதிய பாட்டும்

“ஆடமாட்டாதவள் கூடம் கோணல் என்றாளாம்” என்பது நம் பாட்டிமார் அடிக்கடி எடுத்தாளும் பழமொழி. தம் குறையை மறைக்கக் கருவியின் மீது பழி சுமத்துவோருக்கு அது நன்கு பொருந்தும். ஆயினும், சிற்சில வேளைகளிற் கூடமும் மெய்யாகவே கோணலாக அமைந்துவிடுவதுண்டு. வீட்டிலுள்ள பழைய மடிக்கணினியிற் பாட்டொன்றைப் பதிவு செய்ய முற்படும் இளைஞர் பலரின் நிலை இதுவே. பல்லவி முடியுமுன்னரே கணினி திணறுகிறது. ஒலி அறுந்து அறுந்து கேட்கிறது. மூன்றாவது வாத்தியத்தைச் சேர்த்ததும் எல்லாம் அசைவற்று நின்றுவிடுகின்றன. “புதிதாக ஒன்று வாங்கித் தாருங்கள், அப்பா” என்று மகன் கேட்கிறான். தந்தையோ மாதச் சம்பளத்தையும் மகளின் படிப்புச் செலவையும் எண்ணிப் பெருமூச்சு விடுகிறார்.

இருவருக்கும் மனக்கசப்பு நேராதபடி நடுவே ஒரு வழி உண்டு. பழைய கணினியைச் சிறிது செப்பனிட்டு இசைக்குப் பயன்படுத்துவதே அவ்வழி. அது வறியவர் வேறு வழியின்றி ஏற்கும் சமாதானமன்று. நன்கு ஆராய்ந்தால், அறிவுடையோரும் விரும்பி மேற்கொள்ளத்தக்க வழியே ஆகும்.

கோணல் எங்கே?

கணினி இசைப்பணியிற் பின்தங்குவதற்கு அதன் மூளையாகிய செயலியே காரணமென்று பலர் கருதுகின்றனர். பெரும்பாலும் அது தவறு. பழைய கணினிகளின் வன்தட்டு ஒரு சுழலும் தகடு. நிமிடத்துக்கு 5,400 முறை சுழலும் அத்தகட்டில், வேண்டிய இடம் ஊசிமுனைக்கு நேரே வந்து சேர்வதற்கு மட்டும் சராசரியாக ஆறு மில்லிசெக்கன் வரை செல்லும். பியானோவின் ஒவ்வொரு சுரத்தையும் தனித்தனியே பதிந்து வைத்துள்ள ஒலித் தொகுப்பொன்றை அத்தகட்டிலிருந்து வாசித்தால், கணினி ஒரே வேளையில் நூறு இடங்களுக்கு ஓடவேண்டியதாகிறது. ஒரே ஒரு ஊழியன் உள்ள கடையில் நூறு பேர் ஒருங்கே பண்டம் கேட்டால் என்ன நிகழுமோ அதுவே அங்கும் நிகழ்கிறது.

உதாரணமாக, 2012ஆம் ஆண்டு வெளிவந்த லெனோவோ நிறுவனத்தின் திங்பேட் டி430 என்னும் மடிக்கணினியை எடுத்துக்கொள்வோம். அலுவலகங்களுக்கென உறுதியாகச் செய்யப்பட்ட இவ்வகைக் கணினிகள், அவ்விடங்களிற் கழிக்கப்பட்டபின் பழைய பொருட் சந்தைக்கு வந்து சேர்கின்றன. அவற்றின் தனிச்சிறப்பு யாதெனில், திருகாணிகளைக் கழற்றி உள்ளுறுப்புகளை மாற்றிக்கொள்ளலாம் என்பதே. இக்காலத்து மெல்லிய கணினிகள் பலவற்றில் நினைவகம் பலகையுடன் பற்றவைக்கப்பட்டிருப்பதால், வாங்கிய நாளில் உள்ளதுதான் இறுதி வரையும். இவ்விடயத்திற் பழையதே புதியதை வென்று நிற்கிறது.

இரண்டு மாற்றங்கள்

முதலாவது, சுழலும் தட்டை அகற்றி அவ்விடத்தில் எஸ்.எஸ்.டி. எனப்படும் அசையாத் தட்டைப் பொருத்துதல். இதில் ஓடும் உறுப்பு எதுவுமில்லை. பழைய தட்டு செக்கனுக்குச் சுமார் 100 மெகாபைற்று தரும் இடத்தில் இது 500 வரை தரும். வேண்டிய இடத்தைத் தேடும் நேரமோ ஒரு மில்லிசெக்கனிற் பத்திலொரு பங்கினும் குறைவு. இசைஞருக்கு இதனால் வேறிரு நன்மைகளும் உண்டு. ஒலிவாங்கிக்கு அருகிற் கணினியை வைத்தாலும் தட்டின் இரைச்சல் பதிவிற் கலப்பதில்லை. பேருந்தின் குலுக்கலிலும் அது எளிதிற் பழுதடைவதில்லை.

இரண்டாவது, தற்காலிக நினைவகமாகிய ராமைப் பெருக்குதல். நாம் குறிப்பிட்ட கணினியில் இதற்கென இரண்டு இடங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் 8 கிகாபைற்றாக மொத்தம் 16 கிகாபைற்று வரை பொருத்தலாம். 4 கிகாபைற்றுடன் மூச்சுத் திணறிய கணினி 8 அல்லது 16 ஆனதும் வேறொரு கணினி போல இயங்குவதைக் காணலாம். வாங்கும்போது டி.டி.ஆர்.3 வகைதானா என்று கேட்டு வாங்குக; டி.டி.ஆர்.4 வகை இதிற் பொருந்தாது.

கணினியைத் திறக்குமுன் உள்ளே இருப்பவற்றை வேறிடத்திற் பிரதி செய்துகொள்ளுதல், மின்னிணைப்பையும் பற்றரியையும் அகற்றுதல், உலோகப் பொருளொன்றைத் தொட்டு உடலிலுள்ள நிலைமின்னை நீக்குதல் ஆகிய மூன்றையும் மறத்தலாகாது. கை நடுங்குவோர் கடைக்காரரிடம் கொடுத்துச் செய்வித்துக்கொள்ளலாம்.

இனி மென்பொருள். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14ஆம் திகதியுடன் முடிவுற்றது. விண்டோஸ் 11 இத்தகைய பழைய செயலிகளை முறைப்படி ஏற்பதில்லை. ஆதலால், இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸை நாடுவது தக்கது. அதிலும் உபுண்டு ஸ்டூடியோ என்னும் வகை இசை முதலிய கலைப்பணிகளுக்கென்றே தொகுக்கப்பட்டது. அதில் ஆர்டர் என்னும் பல்தடப் பதிவு மென்பொருள் இயங்கும். ரீப்பர் என்னும் சிறிய, வேகமான மென்பொருளுக்கும் லினக்ஸ் பதிப்பு உண்டு. அதனை 60 நாட்கள் பரீட்சித்துப் பார்த்தபின் விலை கொடுத்து உரிமம் பெறலாம். விண்டோஸுக்கென ஆக்கப்பட்ட சில வாத்திய மென்பொருள்கள் மட்டும் லினக்ஸில் இயங்கமாட்டா என்பதை முன்னரே அறிந்திருத்தல் நலம்.

தாமதம் என்னும் பகை

பாடுபவரின் குரல் கணினிக்குள் நுழைந்து, ஹெட்போன் வழியாக அவர் செவிக்கே திரும்பி வரச் சிறிது நேரம் எடுக்கிறது. கணினி ஒலியைத் துளித்துளியாக அன்றி, ஒரு கிண்ணம் நிரம்பியதும் ஊற்றுவது போலக் கையாளுவதே இதற்குக் காரணம். இறுவட்டின் அளவின்படி, ஒரு செக்கனின் ஒலி 44,100 மாதிரிகளாகப் பிரிக்கப்படுகிறது. கிண்ணத்தின் அளவு 128 மாதிரியாயின் தாமதம் சுமார் 3 மில்லிசெக்கன். 1,024 ஆயின் சுமார் 23. காற்றில் ஒலி ஒரு மில்லிசெக்கனிற் செல்லும் தூரம் ஏறக்குறைய 34 சென்ரிமீற்றர். ஆகவே, பெரிய கிண்ணத்துடன் மிருதங்கம் வாசிப்பவர் தம் வாத்தியத்தை எட்டு மீற்றருக்கு அப்பாலிருந்து கேட்பவர் போலாகிறார். ஒலி உள்ளே வரும்போது ஒரு முறையும் வெளியே போகும்போது ஒரு முறையும் இத்தாமதம் நேர்வதால், மெய்யான தூரம் அதனினும் அதிகம். தாளம் எங்ஙனம் நிற்கும்?

கிண்ணத்தைச் சிறிதாக்கினாற் கணினியின் வேலை பெருகிப் பழைய செயலி இளைக்கிறது. பரிகாரம் எளியது. பதிவு செய்யும்போது கிண்ணத்தைச் சிறிதாகவும், பதிந்தவற்றைக் கலந்து செம்மைப்படுத்தும்போது பெரிதாகவும் வைத்துக்கொள்க. அதன் பின்னரும் கணினி திணறினால், முடிவுற்ற ஒரு வாத்தியத்தின் தடத்தை உறையச் செய்யலாம். அதாவது, மென்பொருள் நொடிதோறும் கணித்து எழுப்பும் ஒலியை ஒரு சாதாரண ஒலிக்கோப்பாக மாற்றி வைத்துக்கொள்ளலாம். அப்பால் அத்தடத்துக்கெனச் செயலி உழைக்கவேண்டியது மிகச் சிறிதே.

குறைந்த வசதியில் நிறைந்த இசை

தடம் போதவில்லையே என்று மனம் சோர்வோர் ஒன்றை நினைவிற் கொள்ளவேண்டும். 1967ஆம் ஆண்டு பீற்றில்ஸ் குழுவினர் வெளியிட்டு உலகப்புகழ் பெற்ற ‘சார்ஜன்ட் பெப்பர்ஸ்’ இசைத்தட்டு, இலண்டனில் நான்கு தடங்களே கொண்ட நாடா இயந்திரங்களிற் பதியப்பட்டது. நான்கும் நிறைந்ததும் அவற்றைக் கலந்து மற்றோர் இயந்திரத்துக்கு மாற்றிப் புதிய இடம் தேடிக்கொண்டனர். தடத்தை உறையச் செய்யும் வித்தைக்கு அதுவே மூத்த உறவு.

1982இல் அமெரிக்கப் பாடகர் புரூஸ் ஸ்பிரிங்ஸ்ரீன் ‘நெப்ராஸ்கா’ என்னும் தொகுப்புக்கான பாடல்களை நியூ ஜேர்சியில் தாம் வசித்த வீட்டிலேயே, சாதாரண ஒலிநாடாப் பேழையில் இயங்கும் நான்கு தடக் கருவியொன்றிற் பதிந்தார். பின்னர் அவற்றைப் பெரிய கலையகத்திற் குழுவினருடன் பாடிப் பார்த்தும் மனம் நிறைவுறாமையால், வீட்டிற் பதிந்ததையே வெளியிட்டார். பெரிய கலையகத்தில் இல்லாத ஏதோவொன்று அச்சிறு நாடாவில் இருந்தது. பாட்டுப் பிறந்த இடத்திலேயே கருவியும் இருந்தமையே அதற்குக் காரணம் எனலாம்.

கருவி பாடகரிடம் போகட்டும்

தூக்கிச் செல்லத்தக்க கணினியின் மெய்யான பயனும் இதுவே. மட்டக்களப்புக் கிராமமொன்றில் மத்தளத்துடன் வடமோடிக் கூத்துப் பாடும் முதிய அண்ணாவியாரைக் கொழும்புக் கலையகத்துக்கு அழைத்து வருதல் எளிதன்று. வந்தாலும், கண்ணாடி அறைக்குள் அவர் குரல் தன் இயல்பில் எழுமா? அவர் முற்றத்துக்கே கணினியும் யூ.எஸ்.பி. ஒலியிடைமுகமும் ஓர் ஒலிவாங்கியும் சென்றாற் போதும். பாட்டியின் தாலாட்டும், வயலோரத்துப் பாட்டும் அவ்வாறே. 24 பிற் அளவில், செக்கனுக்கு 48,000 மாதிரிகளாகப் பதிந்தாலும், ஒரு தடம் நிமிடத்துக்கு 9 மெகாபைற்றுக்கும் குறைவான இடத்தையே கொள்ளும். 240 கிகாபைற்றுத் தட்டிற் கால்வாசியை ஒதுக்கினாலே நூறு மணித்தியாலத்துக்கு மேல் ஒரு தடமாகப் பதியலாம்.

வெளியிடத்திற் பதியும்போது மின்னேற்றியின் இணைப்பால் ஒருவித முரல் ஒலி கலப்பதுண்டு; அப்போது அதைக் கழற்றிவிட்டுப் பற்றரியிற் பதிக. பற்றரியில் இயங்குகையிற் செயலி தானாக வேகத்தைக் குறைத்துக்கொள்ளாதபடி அமைப்பை மாற்றிவைக்க வேண்டும். பற்றரி முதுமையடைந்திருந்தால் டி430 போன்றவற்றிற் புதியதை எளிதிற் செருகலாம். வீடு திரும்பியதும், பதிந்தவற்றை வேறொரு தட்டிலும் பிரதி செய்து வைத்த பின்னரே உறங்கச் செல்க. இழந்த கணினியை மீண்டும் வாங்கலாம். இழந்த குரலை எக்கடையிலும் வாங்கவியலாது.

பெற்றோருக்கு ஒரு வார்த்தை. கையிலுள்ள பணம் சிறிதாயின், முதலில் அசையாத் தட்டு, அடுத்து நினைவகம், அதன்பின் நல்ல ஒலிவாங்கியும் ஒலியிடைமுகமும், இறுதியாகக் காதை முற்றாக மூடும் ஹெட்போன் என்ற வரிசையிற் செலவிடுக. விலையுயர்ந்த புதிய கணினி இவ்வரிசையில் இல்லை. பிள்ளை இக்கருவியில் ஓராண்டு உழைத்து, இதன் எல்லையை உண்மையாகவே தொட்டபின் வேறொன்றைக் கேட்பானாயின், அன்று அவன் கேட்பதில் நியாயம் இருக்கும். அதற்குள் அவ்வூர் முதியோர் சிலரின் குரல்கள் அவனிடம் பத்திரமாக இருக்குமாயின், அப்பழைய கணினி தன் விலைக்குப் பன்மடங்கு ஈடு செய்துவிட்டதென்றே கொள்ளலாம்.