கடைசி ஆள் வந்தாச்சா?

சனிக்கிழமை காலை ஏழரை மணி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலம், பிராங்கோனியா கணவாய். லஃபாயெட் பிளேஸ் என்ற வண்டி நிறுத்தத்தில் பத்துப் பேர் வட்டமாக நிற்கிறார்கள். பாதிப் பேருக்கு மீதிப் பேரின் பெயர் தெரியாது. நடுவில் நிற்பவர் கையில் ஒரு தாள். அதில் எல்லோருடைய பெயரும், அவசரமென்றால் வீட்டில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற எண்ணும் இருக்கின்றன. அவர் பார்வை முதலில் போவது கால்களுக்குத்தான். யார் என்ன ஷூ போட்டிருக்கிறார்கள்? காலுக்குப் பழகியதா, நேற்று வாங்கியதா? அடுத்து முதுகுப்பை. தண்ணீர் எத்தனை லிட்டர்? மழைச்சட்டை இருக்கிறதா? தலைவிளக்கு?

“நாலு மணிக்கெல்லாம் இறங்கிவிடுவோமே, விளக்கு எதற்கு?” என்று யாராவது கேட்பார்கள். புதிதாக வருபவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விதான் அது. காலையில் வண்டி நிறுத்தத்தில் அதற்கு விடை கிடையாது. ஒருவர் கணுக்கால் சுளுக்கிக்கொண்ட பிறகு, இருட்டும் காட்டுக்குள் பதில் தானாகக் கிடைக்கும்.

மலையேற்றக் குழுவோடு ஒரு பகல் மலைக்குப் போய்வருவது என்றால் இப்படித்தான் தொடங்குகிறது. கூடாரம் இல்லை, கயிறு இல்லை, பனிக்கோடரி இல்லை. காலையில் ஏறி மாலையில் இறங்கிவிட வேண்டும். பார்க்க எளிதான பொழுதுபோக்கு. ஆனால் முன்பின் தெரியாத பத்துப் பேரைப் பத்துப் பேராகவே திருப்பிக் கொண்டுவருவதற்குப் பின்னால் நூற்றைம்பது ஆண்டு அனுபவம் இருக்கிறது.

நியூ ஹாம்ப்ஷயரின் ஒயிட் மவுண்டன்ஸ் மலைத்தொடரில் அந்த அனுபவத்தைச் சேர்த்துவைத்திருப்பது அப்பலாச்சியன் மவுண்டன் கிளப். எம்.ஐ.டி.யில் இயற்பியல் பேராசிரியராக இருந்த எட்வர்ட் பிக்கரிங் முன்னின்று 1876-இல் பாஸ்டன் நகரத்தில் தொடங்கிய சங்கம் இது. தொடங்கிய ஆண்டிலேயே பெண்களையும் உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. இன்று இதன் கிளைகள் வார இறுதிகளில் நடத்தும் பகல் நடைகளை வழிநடத்துபவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத தன்னார்வலர்கள். வாரம் முழுக்க வேறு வேலை பார்ப்பவர்கள். சனி, ஞாயிறு வந்தால் யாரோ பத்துப் பேரின் பாதுகாப்பைத் தோளில் ஏற்றிக்கொள்கிறார்கள்.

மலையின் உயரத்தைக் கேட்டால் தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்குக் கொஞ்சம் வியப்பாக இருக்கும். ஒயிட் மவுண்டன்ஸில் மிக உயர்ந்தது வாஷிங்டன் சிகரம், 1,917 மீட்டர். கொடைக்கானல் ஊரே ஏறக்குறைய 2,100 மீட்டரில் இருக்கிறது. ஏரியைச் சுற்றிச் சைக்கிள் ஓட்டும் குழந்தைகள் அந்தச் சிகரத்தைவிட உயரத்தில்தான் ஓட்டுகிறார்கள். ஆனால் அந்த மலை நிற்கும் இடம் வேறு. பூமத்திய ரேகையிலிருந்து 44 பாகை வடக்கே, பல திசைப் புயல்களும் வந்து கூடும் வழியில் நிற்கிறது. சுமார் 1,400 மீட்டருக்கு மேல் மரம் நிற்காது. முழங்கால் உயரத்துக்குக் குறுகிப்போன ஊசியிலைப் புதரும், அதற்கும் மேலே வெறும் பாறையும்தான். 1934 ஏப்ரல் 12 அன்று வாஷிங்டன் சிகரத்து வானிலை ஆய்வகத்தில் மணிக்கு 372 கிலோமீட்டர் வேகக் காற்று பதிவானது. 1996-இல் ஆஸ்திரேலியாவின் பாரோ தீவில் அடித்த புயல் அதை முறியடிக்கும் வரை உலகத்தில் அளந்து பதிவுசெய்த காற்றுகளில் அதுதான் முதலிடம். ஜூலை, ஆகஸ்டிலும் அங்கே பனி பெய்தது உண்டு.

இந்தச் சங்கத்தின் வரலாற்றிலேயே மறக்க முடியாத ஒரு நாள் இருக்கிறது. 1900 ஜூன் 30. வாஷிங்டன் சிகரத்தின் உச்சியில் சங்கத்தின் கூட்டம் நடக்கவிருந்தது. அதற்கு வருவதற்காக வில்லியம் கர்ட்டிஸ், ஆலன் ஓம்ஸ்பீ என்ற இருவர் கிராஃபோர்டு பாதையில் ஏறினார்கள். அறியாதவர்கள் அல்லர். கர்ட்டிஸ், நியூயார்க் அத்லெடிக் கிளப்பை நிறுவியவர்களில் ஒருவர். அமெரிக்க விளையாட்டு உலகில் பெயர் பெற்றவர். நடப்பதற்கென்றே அமைந்த நியூயார்க் சங்கமொன்றில் இருவரும் உறுப்பினர்கள். நடுக்கோடையில் பனிக்கட்டித் துகளும் சூறாவளியுமாக அடித்தது. ஓரிரு நாள் கழித்து, கர்ட்டிஸின் உடல் உச்சிக்குக் கீழே இருக்கும் சிறு ஏரிகளுக்கு அருகில் கிடைத்தது. ஓம்ஸ்பீயின் உடல் உச்சிக்கு மிக அருகில் பாறைகளுக்கு நடுவே கிடந்தது. நண்பருக்கு உதவி தேடித்தான் அவர் அந்தப் புயலில் மேலே ஏறியிருக்க வேண்டும் என்று அப்போதே பலரும் நம்பினார்கள்.

மறு ஆண்டே சங்கம் அந்தப் பாதையோரம் ஒதுங்க ஒரு சிறு கொட்டகை கட்டியது. 1915-இல் அந்த ஏரிகளின் கரையில் பெரிய கல் குடில் எழுந்தது. ‘லேக்ஸ் ஆஃப் தி கிளவுட்ஸ்’ என்ற பெயரில் இன்றும் அங்கே தங்கலாம். பெயர் அழகாகத்தான் இருக்கிறது. அந்த இடத்தில் ஏன் ஒரு கூரை வந்தது என்பதையும் அங்கே தங்குபவர்கள் தெரிந்துகொள்வது நல்லது.

மலைக்குப் போகும் நாளுக்குப் பல நாள் முன்பே வழிநடத்துபவரின் வேலை ஆரம்பித்துவிடுகிறது. பெயர் கொடுத்தவரிடம் அவர் பேசுவார். கடைசியாக எப்போது மலை ஏறினீர்கள்? எவ்வளவு உயரம்? எத்தனை மணி நேரம் ஆனது? ஜிம்முக்குப் போவது, ஊருக்குள் தினமும் ஐந்து கிலோமீட்டர் நடப்பது எல்லாம் நல்ல பழக்கம்தான்; ஆனால் பாறைப்படியில் நாலு மணி நேரம் ஏறுவதற்கு அவை உத்தரவாதமாகா. போதாது என்று பட்டால், “முதலில் வில்லர்டு மலைக்கு வாருங்கள், இரண்டரை கிலோமீட்டரில் உச்சிக்குப் போய்விடலாம், பிறகு பார்க்கலாம்” என்று மென்மையாகத் திருப்பிவிடுவார். கேட்பவருக்கு மனத்தாங்கலாக இருக்கலாம். ஆனால் அந்த ‘இல்லை’யைத் தொலைபேசியில் சொல்வது சுலபம், உச்சியில் நின்றுகொண்டு சொல்வது கஷ்டம்.

நேரக் கணக்கும் முன்பே போட்டாகிவிடும். சங்கம் 1907-இல் முதன்முதலாக வெளியிட்டு இன்றுவரை புதுப்பித்துவரும் பாதை வழிகாட்டி நூலில் ஒரு சூத்திரம் உண்டு. ஒவ்வொரு 1.6 கிலோமீட்டர் தூரத்துக்கும் அரை மணி. ஏறும் ஒவ்வொரு 305 மீட்டருக்கும் கூடுதலாக அரை மணி. இந்தக் குழு போகும் பிராங்கோனியா முகட்டுச் சுற்று 14.3 கிலோமீட்டர், ஏற்றம் 1,190 மீட்டர். கணக்குப் பார்த்தால் ஆறு மணி இருபத்தைந்து நிமிடம் வருகிறது. இதில் சாப்பாடு, படம் எடுப்பது, ஷூவுக்குள் புகுந்த கல்லை உதறுவது எதுவும் சேரவில்லை. அதனால் பத்துப் பேர் போகும்போது எட்டு, ஒன்பது மணி நேரம் என்று வைத்துக்கொள்வார்கள்.

உடை விஷயத்தில் நம்மூர்ப் புத்தியைக் கழற்றிவைத்துவிட வேண்டும். வெயிலுக்குப் பருத்தியைப்போல ஒன்று கிடையாது என்று வளர்ந்தவர்கள் நாம். அங்கே பருத்திதான் எதிரி. வியர்வையை உறிஞ்சி வைத்துக்கொண்டு, மரமில்லாத முகட்டில் காற்று பட்டதும் உடம்புச் சூட்டையெல்லாம் இழுத்துவிடும். அதனால் கம்பளி அல்லது செயற்கை இழை. அதன் மேல் ஒரு கனத்த சட்டை. அதற்கும் மேல் காற்றும் மழையும் புகாத உறை. ஏறும்போது ஒவ்வொன்றாகக் கழற்றி, நின்றால் உடனே போட்டுக்கொள்ள வேண்டும். ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வருபவரை வண்டி நிறுத்தத்திலேயே திருப்பி அனுப்பும் வழிநடத்துபவர்கள் உண்டு.

நடை தொடங்கியதும் வரிசைக்கு ஒரு தலையும் வாலும் இருக்கும். முன்னால் வழிநடத்துபவர். கடைசியில் ‘ஸ்வீப்’. அவருக்குப் பின்னால் யாரும் இருக்கக் கூடாது என்பதுதான் அந்தப் பொறுப்பு. தமிழில் கூட்டுவது என்றால் பெருக்குவது. கூட்டிவருவது என்றால் அழைத்துவருவது. இந்த ஆள் செய்யும் வேலைக்கு இரண்டுமே பொருந்துகின்றன. பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் முன்னே போனவர்கள் நிற்க வேண்டும். பின்னால் வருபவர்கள் ஒருவரையொருவர் பார்த்து, எண்ணிக்கை சரியாகி, “கடைசி ஆள் வந்தாச்சா?” என்ற கேள்விக்குப் பதில் வந்த பிறகே அடுத்த அடி.

அந்த நிறுத்தங்களில் நடக்கும் ஒரு சின்ன அநியாயத்தைக் குழுவாக மலை ஏறிய எல்லோரும் பார்த்திருப்பார்கள். வேகமாக நடப்பவர்கள் முதலில் வந்து பாறையில் உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, கடலை தின்று, பத்து நிமிடம் இளைப்பாறிவிடுவார்கள். மெதுவாக வருபவர் முகம் சிவந்து மூச்சிரைக்க வந்து சேரும் அந்த நொடியில், “சரி, எல்லாரும் வந்தாச்சு, கிளம்பலாம்” என்று எழுந்துவிடுவார்கள். ஓய்வு யாருக்கு அவசியமோ அவருக்கு மட்டும் ஓய்வே கிடைக்காது. நாள் முழுக்க இப்படியே போனால், மூன்றாம் மணி நேரத்தில் சோர்வு, ஐந்தாம் மணி நேரத்தில் கால் இடறல். விபத்து எப்போது விதைக்கப்பட்டது என்று தேடினால் அந்தப் பாறை நிறுத்தத்தில் போய் நிற்கும். தேர்ந்த வழிநடத்துபவர், கடைசி ஆள் பையைக் கீழே வைத்த பிறகுதான் கடிகாரத்தைப் பார்க்கத் தொடங்குவார். சிலர் மெதுவாக நடப்பவரைத் தமக்கு அடுத்தபடியாக முன்னாலேயே நடக்கவைத்து, அவர் வேகத்தையே குழுவின் வேகமாக்கிவிடுவார்கள். யாருக்கும் அவமானம் இல்லை, யாரும் பின்தங்கவும் இல்லை.

சுற்று தொடங்கும் ஃபாலிங் வாட்டர்ஸ் பாதை பெயருக்கேற்றபடி அருவிகளை ஒட்டியே ஏறுகிறது. ஈரப்பாறையில் இறங்குவதைவிட ஏறுவது பத்திரம் என்பதால் சுற்றை இந்தப் பக்கமிருந்து தொடங்குவது வழக்கம். மரங்கள் குள்ளமாகிக்கொண்டே வந்து, லிட்டில் ஹேஸ்டாக் உச்சியில் சட்டென்று முடிந்துவிடுகின்றன. அங்கிருந்து லிங்கன், லஃபாயெட் சிகரங்கள் வரை 2.7 கிலோமீட்டர் வெட்டவெளி முகடு. நியூ ஹாம்ப்ஷயரில் 4,000 அடிக்கு, அதாவது 1,219 மீட்டருக்கு மேற்பட்ட 48 சிகரங்களையும் ஏறி முடிப்பவர்களுக்கு 1957 முதல் ஒரு தனி அங்கீகாரம் உண்டு. லிங்கனும் லஃபாயெட்டும் அந்தப் பட்டியலில் இருக்கின்றன. லிட்டில் ஹேஸ்டாக்கும் உயரம்தான். ஆனால் பக்கத்துச் சிகரத்துக்கும் அதற்கும் நடுவிலுள்ள தாழ்விலிருந்து அது 61 மீட்டர் எழவில்லை என்பதால் கணக்கில் வராது. இந்த 48-ஐ முடிக்கச் சிலர் இருபது, முப்பது ஆண்டுகள் எடுத்துக்கொள்கிறார்கள்.

மரம் முடியும் அந்த விளிம்பில்தான் அன்றைய பெரிய முடிவு எடுக்கப்படுகிறது. மேகம் எந்தப் பக்கம் திரள்கிறது? மணி என்ன? யாருடைய முகம் வெளுத்திருக்கிறது? குளிர் உடம்புக்குள் இறங்கினால் பேச்சு குழறும்; விரல்கள் சட்டை ஜிப்பைப் பிடிக்கத் தடுமாறும்; கால் இடறும். இதில் கொடுமை என்னவென்றால், அது யாருக்கு நேர்கிறதோ அவருக்கே தெரியாது. “நான் நல்லாத்தான் இருக்கேன்” என்பார். பக்கத்தில் நடப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தனியாக ஏறுபவரிடம் எத்தனை விலையுயர்ந்த கருவி இருந்தாலும் அந்தப் பக்கத்து ஆள் இருக்க மாட்டார். ஒருவரால் முடியவில்லை என்றால், துணை வழிநடத்துபவர் அவரோடு இறங்குவார். தனியாக அனுப்புவது கிடையாது. மேகம் மோசமென்றால் மொத்தக் குழுவும் திரும்பிவிடும்.

கூட்டமாகப் போவதில் ஓர் ஆபத்தும் உண்டு. முன்னால் போகிறவருக்கு வழி தெரியும் என்று எல்லோரும் நம்பிவிடுவார்கள். வரைபடத்தைப் பையிலிருந்து எடுக்கக்கூட மாட்டார்கள். அதனால் பாதை பிரியுமிடங்களில் புதியவர் ஒருவரிடம் வரைபடத்தைக் கொடுத்து, “இப்போது நாம் எங்கே நிற்கிறோம், காட்டுங்கள்” என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மலையில் அதைவிட நல்ல வகுப்பு கிடையாது.

பத்துப் பேர் என்றால் இருபது கால்கள். அதையும் நினைக்க வேண்டியிருக்கிறது. ராபின்ஸ் சின்க்ஃபாயில் என்று ஒரு செடி. ரோஜாக் குடும்பம், மஞ்சள் பூ, கட்டைவிரல் அகலத்துக்குப் பாறை மண்ணோடு ஒட்டிக் கிடக்கும். உலகத்திலேயே ஒயிட் மவுண்டன்ஸில் மட்டும்தான் வளர்கிறது. பழைய கிராஃபோர்டு பாதை அதன் நடுவிலேயே போனதால், மிதிபட்டு அழியும் நிலைக்கு வந்து, 1980-இல் அழியும் உயிரினப் பட்டியலில் ஏறியது. 1983-இல் பாதையை விலக்கி அமைத்தார்கள். பிராங்கோனியா முகட்டில் புதிதாக நட்டு வளர்த்தார்கள். 2002-இல் அந்தச் செடியைப் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டார்கள். மீண்டுவிட்டது! நடப்பவர்கள் பாதையைவிட்டு ஒரு முழம் விலகாமல் இருந்ததுதான் அதற்குப் பெரிய மருந்து. முகட்டில் பாதையின் இருபுறமும் வரிசையாக அடுக்கியிருக்கும் தாழ்ந்த கற்சுவர்கள், காலை எங்கே வைக்க வேண்டும் என்பதற்காகவே. அதே மலைத்தொடரில் ‘வில்டர்னஸ்’ என்று ஒதுக்கிய பகுதிகளில் ஒரு குழுவில் பத்துப் பேருக்கு மேல் போகக் கூடாது.

லஃபாயெட் உச்சியிலிருந்து ஒன்றே முக்கால் கிலோமீட்டர் இறங்கினால் கிரீன்லீஃப் குடில். கோடையில் சூடான சூப் கிடைக்கும். காய்கறி முதலிய பொருட்களை அங்கே வேலை செய்யும் இளைஞர்கள் முதுகில் கட்டிய மரச்சட்டத்தில் ஏற்றிக் கீழிருந்து சுமந்து வருகிறார்கள். அதை ஒருமுறை பாதையில் எதிரே பார்த்தவர்கள் கிண்ணத்தில் ஒரு சொட்டு சூப்பைக்கூட மிச்சம் வைப்பதில்லை.

பிறகு ஓல்ட் பிரைடில் பாதையில் நீண்ட இறக்கம். முழங்கால்கள் கெஞ்சத் தொடங்கும் நேரம். நுரையீரல் சோதனை முடிந்து, தொடைச் சோதனை ஆரம்பம். காலையில் பெயர் தெரியாமல் நின்றவர்கள் இப்போது ஒருவர் கைத்தடியை இன்னொருவருக்குக் கொடுக்கிறார்கள். கொப்புளத்துக்கு ஒட்டும் பட்டை கைமாறுகிறது. “இந்தக் கல் ஆடுது” என்று முன்னால் போகிறவர் சொன்னது வரிசையின் வால் வரை ஒவ்வொரு வாயாகப் போய்ச் சேருகிறது.

வண்டி நிறுத்தத்துக்கு வந்ததும் சிலர் ஷூவைக் கழற்றிப் புல்லில் கால் நீட்டிவிடுவார்கள். வழிநடத்துபவர் தாளை எடுத்து ஒவ்வொரு பெயராக அடிப்பார். கடைசியாக ஸ்வீப் வந்து சேர, பத்தாவது பெயரும் அடிபடும். அப்போதும் அவர் கிளம்ப மாட்டார். ஒவ்வொரு காரும் உறுமிப் புறப்படும் வரை பார்த்துக்கொண்டு நிற்பார். நாள் முழுக்கக் குளிரில் நின்ற கார்களில் ஒன்று கிளம்பாமல் போகலாம். இருட்டும் நேரத்தில் அந்தக் கணவாயில் ஒருவரை விட்டுவிட்டுப் போக முடியாது. எல்லா வண்டிகளின் சிவப்பு விளக்கும் நெடுஞ்சாலையில் மறைந்த பிறகு தன் கார்க் கதவைத் திறப்பார்.