அடர்கரைசலா, ஆயத்தக் கரைசலா?

டெல்லி, மும்பை, பெங்களூரு போன்ற மாநகரங்களில் முற்றமும் தோட்டமும் உடைய வீடுகள் அருகிவிட்டன. அடுக்குமாடி வீட்டில் வளரும் நாய்க்கும் பூனைக்கும் மண்தரை கிடைப்பதில்லை. பயிற்சி பெறாத நாய்க்குட்டி கூடத்தின் மூலையை நனைத்துவிடும். அஞ்சிய பூனை மெத்தையை நனைத்துவிடும். துடைத்த பின்னரும் வாடை நீங்காது. பக்கத்து வீட்டார் முகம் சுளிப்பர். வாடகை வீடாயின் உரிமையாளரும் குறை கூறுவார். முடிவில், "எங்கேனும் கொண்டுபோய் விட்டுவிடுங்கள்" என்னும் சொல் எழும். வாடையின் பொருட்டு ஓர் உயிர் தெருவுக்குத் தள்ளப்படுவதும் உண்டு.

குடியிருப்போர் சங்கங்கள் வளர்ப்பு விலங்குகளுக்குத் தடை விதிக்கலாகாது என இந்திய விலங்குநல வாரியம் 2015-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்கள் கூறுகின்றன. (1962-இல் தொடங்கப்பெற்ற இவ்வாரியம் பல்லாண்டுகள் சென்னையில் இயங்கியது; 2018-இல் அரியானாவுக்கு இடம்பெயர்ந்தது. நம் குடும்பங்களைப் போலவே அதுவும் வடக்கு நோக்கி வந்தது எனலாம்.) ஆயினும் வழிகாட்டுதல் வாடையைப் போக்காது. அதனை நாமே போக்க வேண்டும்.

சிறுநீரில் பெரும்பகுதி நீரே. அதில் கரைந்துள்ள யூரியாவை நுண்ணுயிரிகள் சிதைக்கும்பொழுது அம்மோனியா வெளிப்படுகிறது. புதிய ஈரத்தைவிட நாள்பட்ட கறை மிகுதியாக நாறுவது இதனால்தான். பூனையின் சிறுநீரில் ஃபெலினின் என்னும் பொருளும் உண்டு. அது சிதைந்து கந்தகம் கலந்த கடுநாற்றத்தைத் தருகிறது. சிறிதளவு உள்ள யூரிக் அமிலமோ நீரில் எளிதில் கரையாது. அதன் நுண்படிகங்கள் தரைக்கற்களின் இடுக்கிலும் மெத்தையின் பஞ்சிலும் தங்கிவிடும். கோடையில் மறைந்ததாகத் தோன்றிய வாடை, மழைக்காலத்து ஈரக்காற்றில் மீண்டும் எழுவதை மும்பைவாழ் மக்கள் நன்கறிவர்.

இவ்வாடையைப் போக்க வீட்டில் உள்ள எதையேனும் ஊற்றுவது தவறு. குளோரின் கலந்த வெளுப்பு நீர்மம் சிறுநீரிலுள்ள அம்மோனியாவுடன் சேர்ந்தால் நச்சுவாயு உண்டாகும். பினாயில் வகைகளில் உள்ள பீனால் பொருள்களைப் பூனையின் கல்லீரலால் எளிதில் முறிக்க இயலாது; தரையில் நடந்து பாதத்தை நக்கும் பூனைக்கு அவை நஞ்சாகும். வினிகரும் எலுமிச்சைச் சாறும் பளிங்குத் தரையை அரித்து மங்கச் செய்யும். நறுமணம் மட்டும் தரும் நீர்மங்கள் நம் மூக்கை ஏமாற்றலாம். நாயின் மூக்கை ஏமாற்றா. தன் மணம் எஞ்சிய இடத்தையே நாய் மீண்டும் நாடும்.

ஆகவே, சிறுநீர்க் கறையைச் சிதைக்கும் நொதிகளையோ, அந்நொதிகளைச் சுரக்கும் நுண்ணுயிரிகளையோ கொண்ட துப்புரவுநீர் ஏற்றது. இத்தகைய நீர்மங்கள் இருவகையாக விற்கப்படுகின்றன. நீர் கலந்து பயன்படுத்த வேண்டியது அடர்கரைசல்; கடைக்காரர் 'கான்சன்ட்ரேட்' என்பார். அப்படியே தெளிக்கத்தக்கது ஆயத்தக் கரைசல். அதன்மீது 'ரெடி டு யூஸ்' என்று அச்சிட்டிருக்கும்.

எது சிக்கனமானது? ஒரு கணக்கைக் காண்போம். 500 மில்லிலிட்டர் ஆயத்தக் கரைசலின் விலை 300 ரூபாய் எனவும், அதே அளவு அடர்கரைசலின் விலை 600 ரூபாய் எனவும் கொள்வோம். அடர்கரைசலை 1:20 விகிதத்தில் கலக்க வேண்டும். அதாவது, ஒரு பங்கு கரைசலுக்கு 20 பங்கு நீர். 500 மில்லிலிட்டருடன் 10 லிட்டர் நீர் சேர, 10.5 லிட்டர் கிடைக்கும். ஒரு லிட்டருக்கு ஏறத்தாழ 57 ரூபாயே ஆகும். ஆயத்தக் கரைசலுக்கோ லிட்டருக்கு 600 ரூபாய். விலைச்சீட்டில் இருமடங்காகத் தெரிந்தது, பயன்பாட்டில் பத்தில் ஒரு பங்காகிவிட்டது!

ஆனால் கணக்கு இத்துடன் முடியவில்லை. பழைய கறைக்கு 1:4 விகிதத்தில் கலக்குமாறு சீட்டில் குறித்திருந்தால், அதே குப்பியிலிருந்து 2.5 லிட்டர்தான் கிடைக்கும். லிட்டருக்கு 240 ரூபாய் ஆகும். மேலும், நன்கு பழகிய வயதுவந்த நாய் ஒன்று மட்டும் உள்ள வீட்டில் ஆண்டு முழுவதற்கும் ஒரு லிட்டரே தேவைப்படலாம். அடர்கரைசலின் எஞ்சிய பகுதி காலாவதியாகிவிட்டால், அவ்வீட்டார் அந்த ஒரு லிட்டருக்கு 600 ரூபாய் செலவிட்டவராவர். அப்பொழுது சேமிப்பு ஏதுமில்லை.

நீர் கலந்த கரைசலை நெடுநாள் வைத்திருத்தலும் கூடாது. நொதிகள் நாளடைவில் ஆற்றல் இழக்கும். வேண்டிய அளவை அன்றன்று கலப்பதே முறை. கொதிநீர் நொதிகளை அழித்துவிடும் ஆதலின் சாதாரண நீரையே பயன்படுத்துக. 'சற்று மிகுதியாக ஊற்றினால் விரைவில் வாடை போகும்' என்று எண்ணி அளவின்றி ஊற்றுவோர் பலர். இதனால் தரையில் பிசுக்குப் படியும்; அதில் தூசு ஒட்டும். அளவுக்குவளை இல்லாத வீட்டில் ஆயத்தக் கரைசலே பாதுகாப்பானது என்பது என் கருத்து.

நாள்தோறும் நனையும் பால்கனியையும் கூடத்தையும் துடைக்கவும், இரண்டு மூன்று விலங்குகள் உள்ள வீட்டிற்கும், குட்டி பழகும் மாதங்களுக்கும் அடர்கரைசல் ஏற்றது. மெத்தை, இருக்கை, மகிழுந்து ஆகியவற்றில் எதிர்பாராது நேரும் ஈரத்திற்குத் தெளிப்பான் பொருத்திய ஆயத்தக் கரைசல் கைகொடுக்கும். எவ்வகையாயினும், முதலில் துணியால் ஈரத்தை ஒற்றி எடுக்க வேண்டும். தேய்த்தால் கறை பரவும். பின்னர்ச் சிறுநீர் இறங்கிய ஆழம்வரை கரைசலும் இறங்குமாறு நனைத்து, சீட்டில் குறித்த நேரம்வரை உலராமல் விடவேண்டும். தெளித்தவுடன் துடைத்துவிட்டால் நொதிகள் செயற்பட நேரமேது?

கலந்த கரைசலைப் பழைய குடிநீர்க் குப்பியில் ஊற்றி வைக்கும் வழக்கம் பல வீடுகளில் உண்டு. தண்ணீர் எனக் கருதி எவரேனும் அருந்திவிடக்கூடும். தனிக் குப்பியில் ஊற்றி, பெயரையும் கலந்த நாளையும் எழுதி ஒட்டுக. சீட்டுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருக்கும். தரை துடைக்க வரும் அம்மையாருக்கு அம்மொழி தெரியாதிருக்கலாம். அவருக்கு இந்தியிலோ கன்னடத்திலோ மராத்தியிலோ விளக்கிச் சொல்ல வல்லவர் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகளே.

நன்கு பழகிய விலங்கு திடீரென வீட்டினுள் சிறுநீர் கழிக்கத் தொடங்கினால், கடைக்குச் செல்லுமுன் கால்நடை மருத்துவரிடம் செல்க. அது நோயின் அறிகுறியாக இருக்கலாம். ஆண்பூனை முக்கியும் சிறுநீர் வராது தவித்தால், ஒருநாளும் காத்திராமல் உடனே கொண்டுசெல்லுதல் வேண்டும்.

பயிற்சி

1. 250 மில்லிலிட்டர் அடர்கரைசலை 1:10 விகிதத்தில் கலந்தால் எத்தனை லிட்டர் துப்புரவுநீர் கிடைக்கும்?

2. உம் வீட்டில் உள்ள ஏதேனும் ஒரு துப்புரவுநீரின் சீட்டைப் படித்து, அதிலுள்ள எச்சரிக்கைகளைத் தமிழில் எழுதுக.