சிறுநீரகப் புற்றுநோய்: சத்திரசிகிச்சைக்கு முன் குளிசை யாருக்கு?

சிறுநீரகத்தில் கட்டி இருப்பதாக ஸ்கான் காட்டியதும் வீட்டார் கேட்பது ஒன்றுதான்: "ஒப்பரேசன் எப்ப?" கட்டி சிறுநீரகத்துக்குள்ளேயே நிற்கும் பெரும்பாலானோருக்கு அதுவே சரியான கேள்வி. சிலருக்கு மட்டும் மருத்துவர்கள் முதலில் இரண்டு மூன்று மாதம் குளிசை கொடுத்துப் பார்ப்பதுண்டு.

எப்படி வேலை செய்கிறது?

சிறுநீரகப் புற்றுநோய் வழமையான கீமோவுக்கு அவ்வளவாக மசியாது. அதிகம் காணப்படும் தெளிகல வகையில் பெரும்பாலும் விஎச்எல் என்ற மரபணு பழுதாகியிருக்கும். அதனால் கலங்கள் ஒட்சிசன் போதாததுபோல் நடந்து, புதிய குருதிக்குழாய்களை ஓயாமல் வரவழைக்கும். சுனிட்டினிப், பசோபனிப், அக்சிட்டினிப் போன்ற இலக்கு மருந்துகள் அந்த அழைப்பைத் தடுக்கின்றன. தண்ணீர் மறித்த வெங்காயப் பாத்திபோலக் கட்டி வாடுகிறது.

எவ்வளவு சுருங்கும்?

அமெரிக்காவின் எம்.டி. அண்டர்சன் புற்றுநோய் நிலையம் 2014இல் வெளியிட்ட சிறிய ஆய்வில் 24 பேருக்கு 12 வாரம்வரை அக்சிட்டினிப் கொடுக்கப்பட்டது. கட்டியின் இடைநிலை விட்டம் 10 செ.மீ.இலிருந்து 6.9 செ.மீ. ஆனது. குளிசையோடு நோய் தீர்ந்துவிடாது. வெட்டுவது இலகுவாகலாம், அவ்வளவே.

யாருக்குப் பயன்?

ஒரே சிறுநீரகத்தோடு வாழ்பவருக்கு அதை முழுதாக எடுத்தால் மிஞ்சுவது டயாலிசிஸ். கட்டி மூன்று செ.மீ. சுருங்கினால் அதை மட்டும் வெட்டி, சிறுநீரகத்தைக் காப்பாற்ற வழி பிறக்கலாம். கட்டி சிறுநீரக நாளத்துக்குள்ளோ கீழ்ப்பெருநாளத்துக்குள்ளோ வளர்ந்தவர்களிலும் இம்முறை ஆராயப்பட்டது. பிரித்தானிய ஆய்வொன்றில் 20 பேரில் 7 பேருக்கு நாளத்துக்குள் வளர்ந்த கட்டியின் மட்டம் இறங்கியது. எல்லோருக்குமான வழமையான சிகிச்சையாக இது இன்னும் ஆகவில்லை.

கவனிக்க வேண்டியவை

பிரஷர் ஏறலாம், உள்ளங்கை, உள்ளங்கால் எரிந்து தோல் உரியலாம், வயிற்றோட்டம், களைப்பு வரலாம். குருதிக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் மருந்து காயம் ஆறுவதையும் தாமதிக்கும். ஆகவே சத்திரசிகிச்சைக்கு முன் அதை நிறுத்தவேண்டும். மருந்து கேட்காவிட்டால் காலமும் வீணாகும். அதனால்தான் முதலில் ஊசியால் இழையம் எடுத்து நோயின் வகையை உறுதிசெய்வதும், இடையில் மீண்டும் ஸ்கான் எடுப்பதும் அவசியம்.

யாழ்ப்பாணத்தில் போதனா வைத்தியசாலை ஓரிடம். புற்றுநோய் வைத்தியசாலை தெல்லிப்பழையில். இடங்கள் வேறானாலும், இத்தகைய சிகிச்சைக்குச் சத்திரசிகிச்சை நிபுணரும் புற்றுநோய் நிபுணரும் ஒரே திட்டத்தில் நிற்கவேண்டும். எனவே கிளினிக்கில் மூன்று விடயங்களைக் கேளுங்கள்: எதற்காகச் சுருக்குகிறோம்? அடுத்த ஸ்கான் எப்போது? சுருங்காவிட்டால் என்ன செய்வோம்? முதல் குளிசையை விழுங்குமுன் இவற்றுக்குப் பதில் கிடைத்திருக்கவேண்டும்.