கறப்போர் கைக்கு வரும் எருமை அம்மை

எருமையின் மடிக்காம்பில் எழும் கொப்புளம், கறப்பவரின் கைகளிலும் எழுவதுண்டு. உடன் சுரமும் நெறிகட்டுதலும் காணலாம். 1934-ஆம் வருஷத்தில் லாகூரில் விவரிக்கப்பட்ட இவ்வியாதி, பிற்காலத்தில் மஹாராஷ்டிரத்தில் பால் கறப்போரையும் பீடித்தது. இதன் கிருமி, வைசூரியைத் தடுக்க மனிதருக்குக் குத்திய அம்மைப்பாலின் கிருமிக்கு நெருங்கிய இனமாகும். ஆதலால் அம்மை குத்திக்கொண்டோர்க்கு ஓரளவு காப்பு இருந்தது. வைசூரி ஒழிந்ததாக 1980-ல் அறிவிக்கப்பட்டது. அம்மை குத்துதலும் அக்காலத்தோடு நின்றது. பின்னர்ப் பிறந்தோர்க்கு அக்காப்பு இல்லை.

கருங்கல் சுற்றுவட்டாரத்தில் கறவை வைத்திருக்கும் சங்க அங்கத்தினர்கள் கவனிக்க வேண்டுவன பின்வருமாறு. ஒரு மாட்டின் புண்ணை மறுமாட்டிற்குக் கொண்டுசெல்வது பெரும்பாலும் கறப்பவர் கையே. ஆகவே புண்ணுள்ளதைக் கடைசியிற் கறந்து, சோப்பிட்டுக் கை கழுவுதல் வேண்டும். கையில் கீறலோ கொப்புளமோ உடையவர் கறத்தலாகாது. பாலைக் காய்ச்சியே பருகவேண்டும். ஆட்டின் வாயைச் சுற்றிக் காணும் அம்மைப்புண்ணும் மனிதரைத் தொற்றுமாதலின், அதனை வெறுங்கையால் தொடலாகாது. மாட்டின் உடலெங்கும் கழலை எழும் தோல் கழலை நோயோ மனிதரைத் தொற்றுவதில்லை.

பால் வரும்படி குறையுமென்று அஞ்சிப் புண்ணை மறைத்தால், ஒரு மாட்டின் நஷ்டம் தொழுவம் முழுதிற்கும் பரவும். கொப்புளம் கண்ட அன்றே கால்நடை வைத்தியருக்கு அறிவிப்பதே லாபம்.