காசநோய் மருந்து உண்ணும் தாயும் தாய்ப்பாலும்

காசநோயாளியை வீட்டில் வைத்தே மருந்தால் குணப்படுத்தலாம் என்பதைச் சென்னையில் 1956-இல் தொடங்கிய ஆராய்ச்சி மெய்ப்பித்தது. 1959-இல் பெங்களூரில் நிறுவப்பெற்ற தேசியக் காசநோய் நிலையம், அம்முறையை நாடெங்கும் பரப்பத் திட்டம் வகுத்தது. வீட்டுச் சிகிச்சை பெறும் தாயின் மடியில் கைக்குழந்தையும் இருக்கக்கூடும். மருந்து பாலில் கலவாதா என்று அவள் அஞ்சுவது இயல்பே.

கலக்கும், ஆயினும் மிகச் சிறிதளவே. ஐசோனியாசிட், ரிஃபாம்பிசின், பைரசினமைடு, எத்தாம்புடால் ஆகியவற்றை உண்ணும் தாய் பாலூட்டலை நிறுத்த வேண்டுவதில்லை. அச்சிறு அளவு பொதுவாகக் குழந்தைக்குத் தீங்கு செய்யாது. நோயைத் தடுக்கவும் போதாது. ஆதலின் மருத்துவர் குழந்தையைச் சோதித்து, நோயில்லை எனக் கண்டபின் தடுப்பு மருந்தைத் தனியே அளிப்பார். ஐசோனியாசிட் உண்ணும் தாய்க்குப் பைரிடாக்சின் என்னும் வைட்டமினும் தேவை. குழந்தையின் கண் மஞ்சளித்தால் உடனே மருத்துவரிடம் காட்டுதல் வேண்டும்.

நோய் பரவுவது பெரும்பாலும் இருமலினால், பாலினால் அன்று. சளியில் கிருமி உள்ளவரை தாய் வாயையும் மூக்கையும் மூடிக்கொண்டு பாலூட்டுக.

பாலுக்கு அஞ்சி மருந்தை நிறுத்துவதே பெருந்தீங்கு. நோய் மீண்டெழும், குழந்தையையும் பற்றும். ஊழியர்களும் ஆசிரியர்களும் இதனைத் தாய்க்கு மட்டுமன்றி, வீட்டு முதியோர்க்கும் எடுத்துரைத்தல் நலம்.