ஆறு தடமும் ஒரு தடமும்

திருகோணமலையில் கோணேசர் ஆலயத்தின் முன்றிலில் கண்களை மூடி நின்று பாருங்கள். முன்னே ஆலய மணி. இரு மருங்கிலும் பாறையடியில் மோதும் கடல். முதுகுப்புறத்தே ஏறி வரும் அடியார்களின் பேச்சு. இவ்வாறு பல திசைகளினின்றும் வரும் ஓசைகளை அவ்வத் திசையிலேயே நிறுத்திக் காட்டும் பதிவுமுறைக்குச் சுற்றொலி என்று பெயர். முன்னே இடம், நடு, வலம். பின்னே இடம், வலம். இவற்றோடு ஏறத்தாழ 120 ஹெர்ட்ஸுக்குக் கீழ்ப்பட்ட முழக்கத்திற்கென ஒன்று. ஆகத் தடங்கள் ஆறு.

இந்த ஆறினையும் குறையின்றி எழுதுவதாயின், வினாடிக்கு 48,000 மாதிரிகள், மாதிரி ஒன்றுக்கு 16 பிட் என்ற கணக்கில், வினாடிக்கு 46 இலட்சம் பிட்டுகள் வேண்டும். டால்பி டிஜிட்டல் என்னும் சுருக்கமுறையோ டிவிடி தட்டில் 4,48,000 பிட்டுகளுக்குள் காரியத்தை முடித்துவிடுகிறது. எப்படி? துறைமுகத்தில் கப்பலின் சங்கு ஊதும்போது, அதன் சுருதியை ஒட்டி எழும் மெல்லோசை நம் செவிக்கு எட்டுவதில்லை. எட்டாததை நுணுக்கமாக எழுதி வைப்பானேன் என்று அதனைக் கழித்துவிடுகிறார்கள்.

பழைய ஒலிப்பதிவுக் கூடங்களின் கருவிகளுக்கு இச்சுருக்கெழுத்து விளங்காது. அவை கேட்பது தடத்துக்கொன்றாகத் தனித்தனியே விரித்தெழுதப்பட்ட கோப்புகளை. விரித்தல் எளிது, கணினி நொடியில் செய்யும். கோப்பும் பத்து மடங்கு பருக்கும். ஆயினும் கழிந்துபோன ஓசை திரும்பாது. குற்றிய அரிசியை எவர்தாம் மீண்டும் நெல்லாக்க வல்லார்? ஆகவே மூலக் கோப்பை ஒருபோதும் அழித்துவிடலாகாது.

இங்கே ஒரு பொல்லாத இடறல் உண்டு. தடங்களை அடுக்கும் வரிசை எங்கும் ஒன்றன்று. சினிமாக் கூடத்தார் இடம், நடு, வலம், பின்னிடம், பின்வலம், முழக்கம் என்று அடுக்குவர். கணினியின் வேவ் கோப்போ இடம், வலம், நடு, முழக்கம், பின்னிடம், பின்வலம் என்று எதிர்பார்க்கும். கவனியாது மாற்றினால் நடுவில் பேச வேண்டியவர் வலப்புறம் போய் நிற்பார். பின்னிடத்து ஓசை முழக்கத் தடத்தில் விழும்; அத்தடம் பெரும்பாலும் விடப்படுவதால் அவ்வோசை அடியோடு மறையும். காது கூர்மையில்லாதவர் இதனைக் கண்டுகொள்ளவும் மாட்டார்.

சுருக்கக் கோப்பை விரிக்கும் கருவி, உரத்த ஒலியைத் தாழ்த்தி மெல்லொலியை உயர்த்தும் வழக்கமும் உடையது. வீட்டுக் கூடத்தில் இரவில் படம் பார்ப்பவருக்கு அது வசதி. பாதுகாப்புப் பிரதி எடுப்பவர் அதனை முதலிலேயே நிறுத்திவிட வேண்டும்.

இனி வானொலி. 1980களில் ஜெர்மானிய ஒலிபரப்பு நிறுவனமான டாய்ச்சே வெல்லே திருகோணமலையில் ஓர் அஞ்சல் நிலையத்தை நிறுவியது. பின்னர் அது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனத்தின் பொறுப்பில் வந்தது. அத்தகைய நிலையங்களின் சிற்றலையும் மத்திய அலையும் வழக்கமாகச் சுமப்பது ஒரே தடம். ஆறும் அதற்குள் அடங்கியாக வேண்டும். நடுத்தடத்தைச் சுமார் 0.7 பங்காக்கி இடத்திலும் வலத்திலும் சேர்ப்பர். பின்தடங்களையும் அவ்வாறே அவ்வப் பக்கத்தில் சேர்ப்பர். கூட்டுத்தொகை வரம்பு மீறிக் கரகரக்காதபடி முழுவதையும் சற்றே தாழ்த்துவர். அதன்பின் இரண்டையும் ஒன்றாக்கும்போது, எதிரெதிராக அசையும் அலைகள் ஒன்றையொன்று அழிப்பதால் கடலிரைச்சல் மெலிந்துவிடுவதும் உண்டு. அதனைப் பொறுத்துக்கொள்ளலாம். மணியோசைக்கு நடுவே பேசிய முதியவரின் சொல் ஒவ்வொன்றும் தெளிவாக இருக்கிறதா என்று, நல்ல கருவியிலன்றிச் சிறிய வானொலிப் பெட்டியொன்றிலேயே கேட்டுச் சரிபார்த்தல் வேண்டும்.