எண்ணெயும் எலுமிச்சையும் வயிற்றுக்குள் என்ன செய்கின்றன?

புதுக்கோட்டைச் சீமையில் ஐம்பது வயதைத் தாண்டியவர்களிடம் விளக்கெண்ணெய் என்று சொன்னாலே போதும், பலருக்கு நாக்கில் அந்த வழுவழுப்பு ஏறிவிடும். கோடை விடுமுறையில் ஒரு நாளைக் குறித்துக்கொண்டு, விடிந்ததும் பிள்ளைகளை வெறும் வயிற்றோடு வரிசையாக உட்காரவைப்பார்கள். சூடான காப்பியிலோ பாலிலோ கலந்த எண்ணெய் தொண்டைக்குள் இறங்கியதும், குமட்டாமல் இருக்க உப்புத் தொட்ட எலுமிச்சைத் துண்டு ஒன்று வாய்க்குப் போகும். கொஞ்ச நேரத்தில் வயிறு கடமுடவென்று இரையும். நாலைந்து தடவை கொல்லைப்பக்கம் ஓடிய பிறகு மதியம் ரசஞ்சோறு. பேதி நிற்காவிட்டால் மோர். “வயித்துல இருந்த கசடெல்லாம் போச்சு” என்று அப்பத்தா நிம்மதியாகச் சொல்வார்.

இது ஒரு வீட்டு வழக்கம் மட்டுமில்லை. நான்கு மாதத்துக்கு ஒருமுறை பேதி மருந்து உண்ண வேண்டும் என்பது சித்த மருத்துவத்தில் தேரையர் பெயரால் வழங்கும் நோயணுகா விதிகளுள் ஒன்று. ஏறத்தாழ 3500 ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் எழுதப்பட்ட எபர்ஸ் பாப்பிரஸ் சுவடியும் ஆமணக்கைப் பேதி மருந்தாகக் குறிப்பிடுகிறது. இத்தனை காலம், இத்தனை தேசங்களில் நீடித்த ஒரு பழக்கத்தைப் புறந்தள்ளிவிட முடியாது. அது உடம்புக்குள் என்ன செய்கிறது என்று பார்ப்பதே அதற்குச் செய்யும் மரியாதை.

பார்க்க வேண்டிய அவசரமும் வந்திருக்கிறது. அப்பத்தா கொடுத்த பேதி மருந்து இன்று வேறு உருவம் எடுத்து, கைபேசி வழியாக வீடுகளுக்குள் நுழைகிறது. பகலெல்லாம் ஆப்பிள் சாறு, மாலையில் எப்சம் உப்பு, இரவில் அரை டம்ளருக்கு மேல் ஆலிவ் எண்ணெய், அதே கையோடு எலுமிச்சைச் சாறு. குடித்துவிட்டு வலப்பக்கமாகப் படுக்க வேண்டும். மறுநாள் காலையில் மலத்தோடு பச்சை நிறத்தில் பட்டாணி பட்டாணியாக உருண்டைகள் விழும். அவைதான் பித்தப்பைக் கற்கள், ஆபரேஷன் இல்லாமலே கல் போய்விட்டது என்கிறது அந்தக் குறிப்பு.

உருண்டைகள் விழுவது உண்மை. அதனால்தான் நம்புகிறார்கள். அப்படியானால் அவை எங்கிருந்து வருகின்றன?

இந்தக் கேள்விக்கு ஓர் ஆய்வுக்கூடம் நேரடியாகவே பதில் கண்டுபிடித்தது. நியூசிலாந்தில் 40 வயதுப் பெண் ஒருவருக்குச் சாப்பிட்ட பிறகு வலது விலாவின் கீழ் வலி வந்துகொண்டிருந்தது. ஸ்கேன் எடுத்ததில் பித்தப்பைக்குள் சிறு சிறு கற்கள் தெரிந்தன. மூலிகை வைத்தியர் ஒருவரின் யோசனைப்படி அவர் மாலைவரை ஆப்பிள் சாறும் காய்கறிச் சாறும் மட்டும் குடித்து, பிறகு சில மணி நேரத்துக்குள் 600 மில்லி ஆலிவ் எண்ணெயும் 300 மில்லி எலுமிச்சைச் சாறும் குடித்தார். விடியும் முன்பே பச்சை உருண்டைகள் வந்தன. அவர் அவற்றைச் சேகரித்துக் குளிர்பெட்டியில் வைத்து, மருத்துவரிடமே கொண்டுபோனார்.

சீஸ், புரூக்கர் என்ற இருவர் அவற்றைச் சோதித்து, 2005-ஆம் ஆண்டு ‘லான்செட்’ மருத்துவ இதழில் எழுதினார்கள். பித்தக் கல்லுக்குரிய படிக அமைப்பு அவற்றில் இல்லை. 40 டிகிரி சூட்டில் பத்து நிமிடம் வைத்ததும் உருகிப் பச்சை எண்ணெயாக ஓடின. கொலஸ்ட்ராலால் ஆன அசல் பித்தக் கல் அந்தச் சூட்டில் அசையாது. கொலஸ்ட்ரால் உருக 148 டிகிரி வேண்டும். இந்த உருண்டைகளிலோ கொலஸ்ட்ராலும் இல்லை, பிலிருபின் என்ற பித்த நிறமியும் இல்லை, கால்சியமும் இல்லை. முக்கால் பங்கு கொழுப்பு அமிலம்.

அடுத்து அவர்கள் அதைச் செயற்கையாகவே செய்து பார்த்தார்கள். ஆலிவ் எண்ணெயில் மிகுந்திருக்கும் ஒலியிக் அமிலத்தையும் எலுமிச்சைச் சாற்றையும் சம அளவு கலந்து, சிறிது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலை விட்டதும் பாதி கெட்டியான வெள்ளை உருண்டைகள் உருவாயின. காற்றில் உலரவிட்டதும் அவை இறுகின. மனித உடல் இல்லாமலே ‘கல்’ தயார்.

நம் பத்தாம் வகுப்பு அறிவியல் பாடத்தில் வரும் சோப்புத் தயாரிப்புதான் இது. எண்ணெய் வயிற்றுக்குள் போனதும் லைபேஸ் என்ற நொதி அதை உடைத்துக் கொழுப்பு அமிலங்களைப் பிரிக்கிறது. எலுமிச்சைச் சாற்றில் பொட்டாசியம் நிறைய இருக்கிறது. கொழுப்பு அமிலமும் பொட்டாசியமும் சேர்ந்தால் சோப்பு. ஒரே மூச்சில் குடித்த அவ்வளவு எண்ணெயையும் செரிக்க முடியாமல் குடல் திணற, மிஞ்சியது சோப்பு உருண்டைகளாகத் திரண்டு வெளியேறுகிறது. இரவு குடித்த எண்ணெய்தான் காலையில் உருண்டையாகக் கண்ணுக்குத் தெரிகிறது. அந்தப் பெண்ணின் உண்மையான கற்கள் பித்தப்பையிலேயே இருந்தன. பின்னர் அறுவை சிகிச்சையில்தான் அவை நீங்கின.

அந்த இரவில் பித்தப்பை சும்மா இருந்ததா என்றால், இல்லை. கல்லீரல் ஒரு நாளைக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர்வரை பித்தநீர் சுரக்கிறது. அதன் ஒரு பகுதியைப் பித்தப்பை வாங்கி, தண்ணீரை உறிஞ்சிச் சுண்டவைத்துக்கொள்கிறது. அந்தப் பை பிடிப்பது 30 முதல் 50 மில்லி மட்டுமே. எண்ணெய்ப் பண்டம் ஏதாவது சிறுகுடலின் தலைப்பகுதிக்கு வந்துசேர்ந்ததும், குடல் சுவரிலுள்ள செல்கள் கோலிசிஸ்டோகைனின் என்ற ஹார்மோனை ரத்தத்தில் விடுகின்றன. 1928-இல் ஐவி, ஓல்ட்பெர்க் என்ற இரு ஆய்வாளர்கள் இதைக் கண்டறிந்தார்கள். இந்த ஹார்மோன் எட்டியதும் பித்தப்பை சுருங்கி, சுண்டிய பித்தத்தைக் குடலுக்குள் பீய்ச்சுகிறது. எண்ணெய் தேய்த்த தலையில் சீயக்காய் செய்யும் வேலையைத்தான் பித்த உப்புகள் அங்கே செய்கின்றன: எண்ணெயைத் துளித்துளியாகப் பிரித்துத் தண்ணீரோடு கலக்கவைக்கின்றன. வேலை முடிந்ததும் 95 விழுக்காடு பித்த உப்பைச் சிறுகுடலின் கடைசிப் பகுதி உறிஞ்சிக் கல்லீரலுக்கே திருப்பி அனுப்புகிறது.

ஆபத்தும் இந்தச் சுருக்கத்தில்தான் இருக்கிறது. கல் உள்ள பித்தப்பையை ஒரு கிண்ணம் எண்ணெயால் வேகமாகச் சுருங்கவைத்தால், சிறு கல் ஒன்று நகர்ந்து குழாயில் சிக்கிக்கொள்ளலாம். பொதுப் பித்தக் குழாயில் சிக்கினால் மஞ்சள் காமாலை. கணையக் குழாய் வந்து சேரும் இடத்தில் அடைத்தால் கணைய அழற்சி; உயிருக்கே ஆபத்தான நோய் அது. தென்னிந்தியர்களின் பித்தக் கற்களில் பிலிருபின் நிறமியும் கால்சியமும் சேர்ந்தவை வட இந்தியாவைவிட அதிகம் என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. எந்த எண்ணெயும் அவற்றைக் கரைக்காது.

அப்பத்தாவின் விளக்கெண்ணெய்க்கு வருவோம். ஆமணக்கு விதையை வறுத்து, உரலில் இடித்து, தண்ணீர் விட்டுக் கொதிக்கவைத்து, மேலே மிதந்து வருவதை அகப்பையால் வழித்து, ஈரம் போகக் காய்ச்சி எடுத்த எண்ணெய் அது. அந்தச் செய்முறையில் ஒரு பெரிய அறிவு புதைந்திருக்கிறது. ஆமணக்கு விதையில் ரைசின் என்ற கொடிய நஞ்சு உண்டு. அந்த நஞ்சு ஒரு புரதம். எண்ணெயில் கரையாது, கொதிக்கும் சூட்டில் சிதைந்துவிடும். வறுப்பதும் கொதிக்கவைப்பதும் நஞ்சை அடக்கி, எண்ணெயை மட்டும் பிரித்துத் தருகின்றன.

இந்த எண்ணெயில் ஏறத்தாழ 90 விழுக்காடு ரிசினோலியிக் அமிலம். மற்ற சமையல் எண்ணெய்களில் இது கிடையாது. குடலில் எண்ணெய் உடைந்து இந்த அமிலம் விடுபட்டதும் பேதியாகிறது என்பது தெரிந்திருந்தாலும், எப்படி என்பது 2012-இல்தான் தெளிவானது. ஜெர்மனியின் மாக்ஸ் பிளாங்க் நிறுவன ஆய்வாளர்கள், குடல் தசையிலுள்ள இ.பி.3 என்ற ஏற்பியில் இந்த அமிலம் போய் ஒட்டி, தசையைச் சுருங்கவைக்கிறது என்று காட்டினார்கள். அந்த ஏற்பி இல்லாத எலிகளுக்கு விளக்கெண்ணெய் கொடுத்தபோது பேதியாகவில்லை. அதே ஏற்பி கருப்பைத் தசையிலும் இருக்கிறது. கர்ப்பிணிக்கு விளக்கெண்ணெய் கொடுக்கக்கூடாது என்பதற்கு அதுவே காரணம். ஆக, மலச்சிக்கலுக்கு விளக்கெண்ணெய் வேலை செய்யும். 3500 ஆண்டு அனுபவம் அதில் பொய்க்கவில்லை.

‘கசடு’ என்ற எண்ணத்தில்தான் பிழை. ஒரு நாளில் நம் குடலுக்குள் ஏறத்தாழ 9 லிட்டர் நீர் வந்து சேர்கிறது. நாம் உண்பதிலும் குடிப்பதிலும் வருவது 2 லிட்டர். மற்ற 7 லிட்டரும் உமிழ்நீர், இரைப்பை நீர், பித்தநீர், கணைய நீர், குடல் நீர் என்று உடம்பே சுரப்பது. அதில் ஒரு டம்ளர் அளவைத் தவிர மிச்சம் முழுவதையும் குடல் திரும்ப உறிஞ்சிக்கொள்கிறது. சிறுகுடலின் உள்தோல் மூன்று முதல் ஐந்து நாட்களுக்குள் முழுக்கப் புதிதாகிவிடுகிறது. சாப்பாட்டுக்கு இடைப்பட்ட நேரத்தில், ஒன்றரை மணி முதல் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, இரைப்பையிலிருந்து சிறுகுடலின் கடைசிவரை ஒரு சுருக்க அலை ஓடி மிச்சம் மீதியைத் தள்ளிக்கொண்டு போகிறது. பசி நேரத்தில் வயிறு உறுமுவதில் பெரும்பங்கு இந்த அலையின் வேலை. தினமும் இப்படித் துலக்கப்படும் இடத்தில் மாதக்கணக்கில் கசடு சேர்ந்திருக்க வழியில்லை. பேதியில் போவது சாப்பாட்டின் சக்கையும், குடல் உறிஞ்ச நேரமில்லாமல் விட்ட நீரும் உப்பும். பேதிக்குப் பிறகு உடம்பு லேசாக இருப்பது அதனால்தான்.

எலுமிச்சைக்கு உரிய பெருமையையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்தில் கல் என்றாலே பித்தப்பைக் கல்லையும் சிறுநீரகக் கல்லையும் ஒன்றாகப் பேசிவிடுகிறோம். சிறுநீரகக் கல்லில் எலுமிச்சைக்கு வேலை உண்டு. அதிலுள்ள சிட்ரேட் சிறுநீரில் கால்சியத்தோடு இணைந்து, படிகம் வளர்வதைத் தடுக்கிறது. சித்திரை, வைகாசி வெயிலில் கடலைக் கொல்லையில் நிற்பவர்கள் தண்ணீர் போதாமல் சிறுநீரகக் கல்லுக்கு ஆளாவது உண்டு. அவர்களுக்கு எலுமிச்சை சேர்ந்த தண்ணீர் நல்ல துணை. ஆனால் எலுமிச்சையின் புளிப்பு கல்லீரலைக் கழுவும் என்பதில் பொருளில்லை. வயிற்று அமிலம் எலுமிச்சைக்குச் சமமான, சில நேரம் அதைவிடக் கடுமையான புளிப்பு. குடலுக்குள் இறங்கியதும் இரண்டையுமே கணைய நீர் மட்டுப்படுத்திவிடுகிறது.

பிள்ளைகள் விஷயத்தில் மட்டும் கண்டிப்பாக இருக்க வேண்டும். கைக்குழந்தையின் மூக்கைப் பிடித்து எண்ணெய் புகட்டுவதும், மூக்கில் எண்ணெய் விடுவதும் இன்னும் முழுக்க ஒழியவில்லை. எண்ணெய் தொண்டையில் உறுத்தாது. இருமல் வராமலே நுரையீரலுக்குள் இறங்கிவிடும். அதனால் வரும் எண்ணெய் நிமோனியா தென்னிந்தியக் குழந்தைகளிடம் காணப்படுவது 1973-லேயே ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ இதழில் பதிவாகியிருக்கிறது. வயிற்றுவலி என்று துடிக்கும் பிள்ளைக்குப் பேதி மருந்து கொடுப்பதும் அதே அளவு தவறு. வலிக்குக் காரணம் குடல்வால் அழற்சியாக இருந்தால், குடல் வேகமாகச் சுருங்கும்போது அது வெடித்துவிடலாம்.

கோடையில் பேதிக்குக் கொடுத்ததன் முக்கிய நோக்கம் பூச்சி வெளியேறுவது. விளக்கெண்ணெய் பூச்சியைக் கொல்வதில்லை. அந்த வேலையை இன்று அல்பெண்டசோல் மாத்திரை ஒன்று செய்கிறது. 2015 முதல் தேசிய குடற்புழு நீக்க நாள் நடத்தப்படுகிறது. பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் பள்ளிகளிலும் அங்கன்வாடிகளிலும் 1 முதல் 19 வயதுவரை உள்ளவர்களுக்கு இது இலவசம். குறித்த காலத்துக்கு ஒருமுறை வயிற்றைக் கவனிக்க வேண்டும் என்ற அப்பத்தாவின் கணக்கை அரசாங்கமே ஏற்றுக்கொண்டதுபோல ஆகிவிட்டது. மருந்துதான் மாறியிருக்கிறது.

1991-இல் அறிவொளி இயக்கம் நடந்தபோது, புதுக்கோட்டையின் ஆயிரக்கணக்கான பெண்கள் எழுத்தோடு சேர்த்து சைக்கிளும் ஓட்டக் கற்று நாட்டையே திரும்பிப் பார்க்கவைத்தார்கள். அந்த ஊர்களின் ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். பத்தாம் வகுப்பில் சோப்புப் பாடம் நடத்தும் நாளில் இந்தப் பச்சை உருண்டைகளின் கதையையும் பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள். அவர்கள் வீட்டில் போய்ச் சொல்வார்கள். சாப்பிட்ட பிறகு வலது விலாவின் கீழ் வலி வந்து தங்கினால், கண் மஞ்சளித்தால், எண்ணெய்ப் புட்டியைத் தேட வேண்டாம். அரசு மருத்துவமனைக்குப் போய் ஒரு ஸ்கேன் எடுங்கள். கல் இருக்கிறதா இல்லையா என்பதை வலியில்லாமல் சில நிமிடங்களில் அது காட்டிவிடும்.